ஒண்ணுமில்ல என்று சொல்லாதவர்

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். 'ஒண்ணுமில்ல' என்ற சொல். நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் யாராவது, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று தொடங்கினால் போதும், கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்புவார்.

"ஒண்ணுமில்லன்னா இவ்வளவு தூரம் ஆட்டோ வச்சு எதுக்கு வந்திய? ஸ்கேன்ல தெரியலன்னு சொல்லுங்க. அது வேற, இது வேற."

குரலை உயர்த்த மாட்டார். சொல்லி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவார். சொன்னவர்கள்தான் நாற்காலியில் நெளிவார்கள்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், தர்ம ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் அவருடைய அறை இருந்தது. பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஒரு படுக்கை, நகராத ஒரு சைக்கிள், தொங்கும் ஒரு பச்சைத் திரை. உடம்புக்குப் பயிற்சி கொடுக்கிறவர் அவர். பிசியோ அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டாக்டரம்மா என்று யாராவது சொன்னால், "நான் டாக்டர் இல்ல" என்று அப்போதே திருத்துவார். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயரை எங்கேயும் பெரிதாகச் சொல்லிக்கொண்டவர் இல்லை அவர். அதனால் நானும் எழுதவில்லை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அப்போது நாற்பது வயது இருக்கும். நான் நடமாடத் தொடங்கிய வருஷக் கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் காலைப் பார்ப்பார். அதற்கும் முன்னால், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைக் குனிந்து பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிறாராம். முதல் நாள் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் இடது கால் செருப்பைத் தூக்கிப் பார்த்து, "இது யாரோடது?" என்றார். திருட்டுப் பொருளை வைத்திருந்தவளைப் போல நான் கையைத் தூக்கினேன். விரல் படும் இடம் மட்டும் கிழிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. "எத்தன மாசமா இழுத்துக்கிட்டு நடக்கிய?" என்று கேட்டார். ஆறு மாதம் என்றேன். ஆறு மாதத்தில் என்னை முதல் கேள்வியிலேயே நம்பியவர் அவர்தான்.

நான் உப்பளத்தில் வேலை பார்த்தவள். அளத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்வோம். உப்புப் பெட்டியைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிட வேண்டும். என் ஜோடிக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலில் ஒரு சின்ன வெட்டு. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அது ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போயிருந்தேன். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. என்ன பேசினேன், என்ன வாங்கிப் போனேன் என்று எதுவும் நினைவில் இல்லை. அந்தத் தட்டையான இடம் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் வரப்பில் பெட்டியோடு சறுக்கி விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. எழுந்து அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் பாயிலிருந்து எழுந்தால் இடது கால் என்னுடையதாக இல்லை. நட என்றால் நடக்கவில்லை. கட்டையை இழுப்பதுபோல இழுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் நடுக்கமும் சேர்ந்துகொண்டது.

அளத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, எலும்பில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். நல்ல தண்ணீரில் காலை ஊற வைத்தால் உப்பு இறங்கும் என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அதில் ஒரு வாளி என் காலுக்குப் போனது. காலையும் மாலையும் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு, ஏதாவது இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரித்தது. உப்பு இறங்குகிறது என்று நம்பினேன். அத்தனை வருஷம் அளத்தில் நின்ற தோல், கரிக்காமல் என்ன செய்யும்.

என் மகன் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். அவன் அப்பா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்றுதான் இருந்தோம். லீவு போட்டுவிட்டு என்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தலைக்கு ஸ்கேன், முதுகுக்கு ஸ்கேன். அங்கிருந்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, ஒண்ணுமில்லை, கூட்டிப் போங்கள் என்றார். அளத்துக் கங்காணி அதைக் கேள்விப்பட்டு, "வேலைக்கு வரச் சோம்பிக்கிட்டுப் படுத்திருக்கா" என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது. அவர் சொன்னது எனக்குப் பெரிதில்லை.

பெரிதானது வேறு. ஒரு நாள் காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மகன் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகுதான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. தெரிந்த நிமிஷத்தில் கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மகன் பொத்தானில் கை வைத்தபடி நிற்கிறான்.

"நீ நடந்தேல்லா" என்றான்.

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து என் முழங்கையைப் பிடித்து எழுப்புவதை விட்டுவிட்டான். சாப்பாடு, மருந்து எல்லாம் சரியாக வாங்கி வருவான். வாசலில் நின்று நான் இழுத்து இழுத்து நடப்பதைப் பார்ப்பான். சோதனைச் சாவடியில் லாரியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. கால் போனால்கூட இருந்துவிடலாம். பெற்ற பிள்ளை நம்மை வேஷக்காரி என்று நினைத்துக்கொண்டு சோறு போட்டால் அது எப்படி இறங்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அங்கே வியாழக்கிழமைதோறும் ஒரு நரம்பு டாக்டர் வருவார். அவர் பொறுமையாகத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, பிசியோ அம்மாவையும் கூப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு அந்த அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், "பின்னாடி நடங்க அக்கா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. முன்னால் போகவே வழியில்லை, பின்னால் எப்படிப் போவது. "நான் பின்னால நிக்கேன், விழ மாட்டிய" என்றார். நடந்தேன். கால் இழுக்கவில்லை. ஏழெட்டு அடி நடந்திருப்பேன். முன்னால் திரும்பினேன், பழையபடி கட்டை.

நான் பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அழுதபடியே, யாரிடமும் சொல்லாத பால் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். நான் பொய்க்காரி இல்லை, ஆனால் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மேஜைக்குப் போய்த் தாளில் எழுதிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதத்தான் அக்கா நாங்க தேடுதோம். கால் நல்லா இருக்கு, நரம்பும் நல்லா இருக்கு. நீங்க நடக்கணும்னு நெனச்சு உத்தரவு போடுற வழியிலதான் தகராறு. நெனைக்காம இருக்கும்போது அது வேற வழியாப் போயிருது. இது நடிப்பு இல்ல. இது ஒரு நோயி, இதுக்குப் பேர் இருக்கு, நெறையப் பேருக்கு வருது, இதுக்கு வைத்தியமும் இருக்கு."

என் மகன் எதை வைத்து என்னைக் குற்றவாளி என்று நினைத்தானோ, அதையே வைத்து இவர் என்னை நோயாளி என்றார். அன்று பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கால் எடுக்கப்பட்ட என் ஜோடியைப் பற்றியும் ஒரு நாள் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். அதனாலேதான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், காரணம் முழுதாகத் தெரிந்தால்தான் நடக்க முடியும் என்று ஒன்றும் இல்லை என்றார். மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். நான் தயங்கியபோது, அது காலுக்குப் பயிற்சி எடுப்பது மாதிரிதான், கூச்சப்பட ஒன்றும் இல்லை என்றார். போனேன். அது வேறு கதை.

பிசியோ அம்மாவிடம் பொய் கிடையாது. அதில் எனக்கு ஒரு பயமும் இருந்தது. என்னோடு அதே பெஞ்சில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடலோரத்து ஆள், கழுத்தில் ஜெபமாலை. வலது கை விரல்கள் மடியில் இருக்கும்போதே மாத்திரை உருட்டுவது மாதிரி ஆடும். கூடக் குளித்த ஒருவர் கடலுக்குள் இறந்துபோன பிறகு வந்ததாம். பயத்தில் வந்த நடுக்கம் என்று அவருடைய வீட்டில் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். எனக்குச் சொன்ன நல்ல வார்த்தையை அவருக்கும் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன்.

பிசியோ அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையால் மேஜையில் தட்டி, அதே மாதிரி இடது கையால் தட்டச் சொன்னார். வேகமாகத் தட்டினார், மெதுவாகத் தட்டினார். என் மாதிரியே நோய் வந்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்திக்கு இதே மாதிரி செய்ததை முன்பு பார்த்திருக்கிறேன். அவளுக்கு நடுங்குகிற கை, தட்டுகிற கையின் பின்னாலேயே போய்த் தாளம் மாறிவிட்டது. இவருக்கு மாறவில்லை. இடது கை எப்படித் தட்டினாலும் வலது கை தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது பயத்துல வந்தது மாதிரி எனக்குத் தெரியல. டாக்டர் இன்னொருக்கா பாக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை டாக்டரும் அதையே சொன்னார். மூளையில் மெல்ல மெல்ல ஏறுகிற நோய், மாத்திரை வாழ்நாளுக்கும் வேண்டும். வெளியே வந்தவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, உனக்கு அடிச்சது யோகம். உன் சீக்கு திரும்பிப் போற சீக்கு. என் சீக்குக்குத் திரும்பிப் போக வீடு கெடையாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

அந்த அம்மாவிடம் பிற்பாடு, பயம்தான் என்றே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "வேற எதுவும் தெரியலங்கிறதுக்காக மனசு மேல பழியப் போடக் கூடாது அக்கா. கையே காட்டிக் கொடுத்தாத்தான் அப்படிச் சொல்லணும். இல்லன்னா அவருக்கு மாத்திரை யாரு கொடுப்பா?" என்றார். அன்று சாப்பாட்டுத் தூக்கை அவர் திறக்கவே இல்லை என்பதையும் பார்த்தேன்.

என் வைத்தியம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். வாளியில் ஊற வைத்த கதையைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கெடுதல் செய்யவில்லை, குனிந்து காலையே பார்த்துக்கொண்டு இருப்பதுதான் கெடுதல் என்றார். பார்க்கப் பார்க்க அது இறுகுமாம். "உங்க கால் பாக்காமலே செய்யிற வேலை எதாவது உண்டா?" என்று கேட்டார்.

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். மழை முடிந்து தை மாதம் உப்புப் போடும் முன் பாத்தி மிதிப்போம். சேற்றுத் தரையை இறுக்க, வரிசையாகக் கம்பு ஊன்றி நின்று, குதிகாலை வைத்து அமுக்கி அமுக்கி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போவோம். அப்போது யாரும் காலைப் பார்க்க மாட்டோம். பார்த்தால் தண்ணீரில் விழும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும். தூரத்தில் உப்பு அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டு மிதிப்போம்.

"எனக்குச் சொல்லித் தாங்க" என்றார்.

சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரை துடைக்கும் கம்பை வாங்கி ஊன்றி நின்றார். அவர் மிதித்ததைப் பார்த்தால் கங்காணி அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். குதிகாலுக்குப் பதில் விரலால் குத்துகிறார். அப்படி இல்லம்மா, பாத்தி ஓட்டையாகிவிடும், இப்படி அமுக்கணும் என்று நானும் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தேன். சொல்லிக் கொடுக்கும் அவசரத்தில் சுவரிலிருந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன். சங்கு குளிக்கிறவர்தான் முதலில் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன் அந்த அம்மா கண்ணாலேயே தடுத்தார். கை தட்டுவது, ஆகா என்பது எல்லாம் அவர் அறையில் கிடையாது. பாராட்டினால் கவனம் திரும்பக் காலுக்குப் போய்விடுமாம்.

அப்புறம் தினமும் அதுதான். பக்கவாட்டில் மிதித்தது கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாகி, சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் திரும்பியது. வீட்டுத் தெருவில் பின்னால் நடந்து பழகினேன். பிள்ளைகள் வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு கூடவே வந்தன. சில நாள் எல்லாம் கெட்டுப்போய் முதல் நாள்போல விழுவேன். அதற்கும் அவர் பதற மாட்டார். "இன்னிக்கு அது மக்கர் பண்ணுது, நாளைக்குப் பாப்போம்" என்பார். நாலு மாதத்தில் கடைக்குப் போய் வரும் அளவுக்கு நடந்தேன். அளத்துக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. இப்போதும் காய்ச்சல் வந்தால், மனசு சரியில்லை என்றால், ஒரு இழுப்பு வரும், போகும்.

ஆனால் இதெல்லாம் சரியாவதற்கு முன்னால், ஐந்தாவது வாரம் நடந்தது ஒன்று உண்டு. என் மகன் நம்பவில்லை என்பதை அவர் எப்படியோ தெரிந்துகொண்டார். நான் ஒவ்வொரு முறையும் தனியாக வருவதைப் பார்த்திருப்பார். ஒரு தடவை அவனைக் கூட்டி வரச் சொன்னார். நான் இரண்டு வாரம் அவனிடம் கேட்கவே இல்லை. அவரே போன் போட்டுப் பேசினார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, உட்காராமல் நின்றான். அவர் நோயைப் பற்றி எனக்குச் சொன்ன மாதிரியே அவனுக்கும் சொன்னார். அவன் தலையை ஆட்டிக் கேட்டான். பிறகு சொன்னான்.

"நீங்க சொல்லுதிய, சரி. நான் கண்ணால பார்த்தேனே."

புதிதாக லாரி எடுத்த காலத்தில், பெரிய அதிகாரி முன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கிளட்சில் வைத்த கால் ஆடியதில்லையா என்று அவர் கேட்டார். ஆடியது என்று ஒத்துக்கொண்டான். "அது பயம். ஒரு நிமிஷம். இது ஏழு மாசம்லா" என்றான்.

அவர் வாதாடவில்லை. என்னைப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். "தம்பி, சாவியக் கீழ வச்சிட்டு இங்கன வாங்க" என்றார். அவனுடைய உள்ளங்கையை எடுத்து என் இடது குதிகாலுக்குக் கீழே வைத்தார். நான் கூசிப்போனேன். உப்புத் தண்ணீரில் வெடித்து, நார் மாதிரி ஆகிவிட்ட கால். அதை அவன் தொட்டதே கிடையாது.

"அக்கா, மகன் கையில இந்தக் காலால அமுக்குங்க."

என்னால் ஆன மட்டும் அமுக்கினேன். "என்ன தெரியுது?" என்று அவனிடம் கேட்டார். ஒண்ணும் தெரியவில்லை என்றான். அந்தச் சொல்லுக்கு அன்று அவர் கோபப்படவில்லை.

பிறகு என் வலது முட்டிக்கு மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "இப்ப இந்தக் காலத் தூக்குங்க. நான் விட மாட்டேன், நீங்களும் விடாதீங்க" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். என் நினைப்பு முழுதும் வலது காலில்தான்.

"அம்மா, நீ அமுக்குதியா?" என்றான் மகன்.

"நான் வலது காலத் தூக்குதேம்ல."

"இல்ல, இந்தக் கால். என் கையில அமுக்குது."

"அவங்களுக்குத் தெரியாது" என்றார் பிசியோ அம்மா. "ஒரு காலத் தூக்குனா இன்னொரு கால் தானா ஊனும். அது எல்லாருக்கும் உள்ளது. அமுக்குன்னு சொன்னா வராத பலம், சொல்லாமலே வருது. நடிக்கிறவங்களா இருந்தா இத ஒளிக்கணும்னு முதல்ல தெரியணும், இவங்களுக்கு அமுக்குனதே தெரியல தம்பி."

"திரும்ப ஒருக்கா" என்றான் அவன்.

திரும்பச் செய்தோம். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, உச்சந்தலைதான் தெரிந்தது.

அந்த அம்மா பச்சைத் திரையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். யாரையோ காலை நேராக நீட்டச் சொல்லும் அவருடைய குரல் கேட்டது.

பயிற்சி முடிந்துவிட்டது, கையை எடுத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் நிமிராமலே கேட்டான்.

"ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

ஏழு மாதத்தில் அதை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆமாலே" என்றேன்.

அவன் கையை எடுக்கவில்லை.